ஜெனரலின் படிப்பறை: க்ராஃபோர்ட்ஸ்வில் லியூ வாலஸ் அருங்காட்சியகத்தில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடலாம்: போகலாம். ஆனால் எதைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போகவேண்டும். இந்தியானா மாநிலத்தின் க்ராஃபோர்ட்ஸ்வில்லில் இருக்கும் ஜெனரல் லியூ வாலஸ் ஸ்டடி அண்ட் மியூசியத்துக்கு வருகிறவர்கள் மூன்று வகை. மூவரும் தேடுவது ஒரே ஆளைத்தான். தேர்ப்பந்தயத்தை நினைத்துக்கொண்டு 'பென்-ஹர்' நாவலின் ஆசிரியரைப் பார்க்க வருகிறவர்கள் முதல் வகை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஷைலோ சண்டையில் வழிதவறிய தளபதியைத் தேடுகிறவர்கள் இரண்டாம் வகை. பில்லி த கிட் என்ற பேர்போன துப்பாக்கிக் குற்றவாளிக்கு மன்னிப்பு வாக்களித்த நியூ மெக்ஸிகோ ஆளுநரைத் தேடுகிறவர்கள் மூன்றாம் வகை. முதல் வகைக்கு இந்த இடம் விருந்து. இரண்டாம் வகைக்குக் கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்தால் விருந்து. மூன்றாம் வகை இங்கே வந்தால் பாதி வயிறுதான் நிரம்பும். மீதிக்கு நியூ மெக்ஸிகோ போகவேண்டும். அதையும் கீழே சொல்லியிருக்கிறது.

வழி எளிது. இந்தியானாபொலிஸிலிருந்து ஐ-74 நெடுஞ்சாலையில் வடமேற்கே 50 மைலுக்குள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆம்ட்ராக்கின் கார்டினல் ரயில் இந்த ஊரில் நிற்கிறது என்றாலும் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடுகிறது; அதை நம்பித் திட்டம் போட்டால் அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளும் ரயில் வரும் நாளும் பொருந்துவது அதிர்ஷ்டம். கார்தான் சரி. குளிர்காலத்தில் போவதாக இருந்தால் திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வாலஸ் அவென்யூவில் செங்கல் மதிலுக்குள் மரங்கள் அடர்ந்த தோட்டம். அதற்குள் இரண்டு கட்டடங்கள். பழைய குதிரைவண்டிக் கொட்டகைதான் இப்போது கண்காட்சிக் கூடம். பார்வையாளர் தொடங்கவேண்டிய இடம் அதுதான். படிப்பறைக்குள் வழிகாட்டியோடு போவது வழக்கம்.

இது அவர் வாழ்ந்த வீடு அல்ல. படுக்கையறை, சமையலறை, பாத்திரம் பண்டம் எதுவும் இருக்காது. வீட்டிலிருந்து தள்ளி, தனக்கென்று மட்டும் அவரே வடிவமைத்துக் கட்டிக்கொண்ட அறை. 1895-ல் தொடங்கி 1898-ல் முடிந்தது. நியூ மெக்ஸிகோவின் தலைநகர் சான்டா ஃபேயில் ஆளுநராக உட்கார்ந்து சலித்துப்போன காலத்திலேயே, தன் ஆன்மாவுக்கு ஓர் இன்ப இல்லம் வேண்டும், நள்ளிரவில் வயலின் வாசித்தாலும் யாருக்கும் கேட்கக்கூடாது என்ற பொருளில் மனைவி சூசனுக்கு எழுதியிருக்கிறார். அந்த ஆசைக்குப் பணம் கொடுத்தது 'பென்-ஹர்' புத்தகம்தான். ஆளுநர் சம்பளத்தில் இப்படி ஒன்றைக் கட்டியிருக்க முடியாது.

உள்ளே போகும் அவசரத்தில் பலர் வெளிப்புறத்தை விட்டுவிடுகிறார்கள். அது தவறு. கட்டடத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். ஒரு மூலையில் 40 அடி உயரச் சதுரக் கோபுரம், மேலே செம்புக் கூரையிட்ட குவிமாடம், சுவரின் மேல்பகுதியில் சுண்ணாம்புக்கல் பட்டை. அந்தப் பட்டையில் செதுக்கியிருக்கும் முகங்கள் அவருடைய நாவல்களின் பாத்திரங்கள். ரோமானெஸ்க் வளைவு, பைசாந்தியக் குவிமாடம், கிரேக்கத் தூண் எல்லாம் ஒரே கட்டடத்தில். கட்டடக்கலை படித்தவர்கள் முகம் சுளிக்கலாம். கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) நான்கு வருடம் அமெரிக்கத் தூதராக இருந்த ஒருவர் ஊர் திரும்பி, பார்த்ததையெல்லாம் ஒரே சுவரில் ஏற்றினால் இப்படித்தான் வரும்.

இன்று இல்லாத ஒன்றையும் மனதில் வைத்துப் பார்க்கவேண்டும். முதலில் கட்டடத்தை ஒட்டி அகழிபோல ஒரு குளம் இருந்தது. அதில் மீன் விட்டு, படிப்பறையை விட்டு அகலாமலே தூண்டில் போட்டார். செங்கல் அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீரைத் தேக்கினால் என்ன ஆகும் என்று எந்தக் கொத்தனாரும் சொல்லியிருப்பார். கடைசியில் அவரே அதைத் தூர்த்துவிட்டார். தூண்டில் ஆசை மட்டும் போகவில்லை: கைப்பிடிக்குள்ளேயே சுருளி அடங்கும் தூண்டில் கம்புக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார்.

உள்ளே ஒரே பெரிய அறை. தலைக்கு மேலே கண்ணாடி வழியாக வெளிச்சம் நேராக விழும். வேறு எதையும் பார்க்குமுன் இதை ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள். சுவரில் புத்தகங்களுக்கு இடம் வேண்டும், மேசைக்கு வெளிச்சமும் வேண்டும். பக்கவாட்டு ஜன்னல்களைக் குறைத்து ஒளியை மேலிருந்து இறக்கியதால் இரண்டும் கிடைத்திருக்கின்றன. எழுதுகிற ஒருவர் தன் தேவையை அறிந்து போட்ட திட்டம். அலமாரிகளில் இருப்பவை அவருடைய சொந்தப் புத்தகங்கள்.

சுவரில் இரண்டு படங்களைத் தவறவிடக்கூடாது. ஒன்று, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது பரிசளித்த துருக்கி இளவரசியின் ஓவியம். எல்லோர் கண்ணும் இதில்தான் விழும். மற்றது அவரே தைலவண்ணத்தில் வரைந்தது: ஆபிரகாம் லிங்கன் கொலைச் சதிகாரர்கள். 1865-ல் அந்த எட்டுப் பேரை விசாரித்த ஒன்பது உறுப்பினர் ராணுவ ஆணையத்தில் வாலஸும் ஒருவர். விசாரணை நடக்கும்போதே குற்றவாளிக் கூண்டிலிருந்தவர்களின் முகங்களைப் பென்சிலால் வரைந்து வைத்துக்கொண்டார். பின்னால் அதைக்கொண்டு ஓவியம் தீட்டினார். நான்கு பேரைத் தூக்குக்கு அனுப்பிய தீர்ப்பில் கையெழுத்திட்டவர், வாதப் பிரதிவாதம் நடக்கையில் படம் வரைந்துகொண்டிருந்தார் என்பது சிலருக்கு உறுத்தும். உறுத்தட்டும். இந்த அறையில் மிகவும் பேசவைக்கும் பொருள் அதுதான். அதே ஆண்டு தெற்குப் படையின் ஆண்டர்சன்வில் சிறைமுகாம் தலைவர் ஹென்றி விர்ஸை விசாரித்த ஆணையத்துக்கு அவரே தலைவர்.

இனி வீட்டுப்பாடம். ஷைலோவைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இந்த அறைக்குள் வந்தால் ஒரு பணக்கார எழுத்தாளரின் அலங்கார அறை மட்டுமே தெரியும்.

1862 பிப்ரவரியில் டொனெல்சன் கோட்டையில் நன்றாகச் சண்டையிட்டதற்காக, மார்ச்சில் 34 வயதில் மேஜர் ஜெனரல். அப்போது வடக்குப் படையில் அந்தப் பதவியில் அவர்தான் இளையவர். ஏப்ரல் 6 காலையில் ஷைலோவில் தெற்குப் படை திடீரெனத் தாக்கியபோது, வாலஸின் மூன்றாம் டிவிஷன் சில மைல் வடக்கே க்ரம்ப்ஸ் லேண்டிங்கை ஒட்டிக் காத்திருந்தது. வடக்குப் படைத் தளபதி கிராண்ட் அனுப்பிய உத்தரவு வாய்மொழியாகப் புறப்பட்டு வழியில் காகிதத்தில் ஏறியது. அந்தக் காகிதம் பின்னால் தொலைந்துவிட்டது. போர்க்களத்துக்கு இரண்டு பாதைகள். ஆற்றோரப் பாதை பிட்ஸ்பர்க் லேண்டிங்குக்குப் போகும். உள்ளே போகும் ஷன்பைக் பாதை, காலையில் வடக்குப் படையின் இன்னொரு தளபதி ஷெர்மன் நின்றிருந்த வலப்பக்க முகாமுக்குப் போகும். வாலஸ் இரண்டாவதைப் பிடித்தார். அந்தப் பாதையைச் செப்பனிட்டு வைத்திருந்தவரும் அவரே. அவர் நடந்துகொண்டிருக்கும்போதே ஷெர்மனின் வரிசை பின்வாங்கிவிட்டது. அதே பாதையில் போயிருந்தால் எதிரியின் முதுகுப்புறத்தில் தனியாக முளைத்திருப்பார். அதனால் திரும்பவேண்டியதாயிற்று.

பாதைத் தேர்வில் இரு தரப்புக்கும் வாதம் உண்டு. திரும்பிய விதத்தில்தான் உண்மையான பிழை. நின்ற இடத்திலேயே எல்லோரையும் திரும்பி நிற்கச் சொல்லியிருந்தால் வால் தலையாகி உடனே நகர்ந்திருக்கும். தான் நம்பிய பிரிவு முன்னால் இருக்கவேண்டும் என்பதற்காக, வரிசையின் தலையை வளைத்து, பின்னால் வந்தவர்களைக் கடந்து கூட்டிவந்தார். குறுகலான சேற்றுப் பாதையில், பீரங்கி வண்டிகளோடு. களத்துக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. அன்றைய சண்டை முடிந்திருந்தது. மறுநாள் நன்றாகவே போரிட்டார். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு நாளில் இரு பக்கமும் சேர்த்து 23,000-க்கு மேற்பட்டோர் இறந்தோ காயம்பட்டோ பிடிபட்டோ காணாமலோ போன சண்டைக்கு ஒரு பலியாடு தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு நாற்பது வருடம் இந்த ஒரு நாளுக்கு விளக்கம் எழுதிக்கொண்டே இருந்தார். 1864 ஜூலை 9 அன்று மொனாக்கசி ஆற்றங்கரையில், ஏறக்குறைய 5,800 பேரோடு, தன்னைவிட இரு மடங்குக்கும் அதிகமான, தெற்குத் தளபதி ஜூபல் எர்லியின் படையை ஒரு நாள் நிறுத்திவைத்தார். சண்டையில் தோல்விதான். அந்த ஒரு நாளில் வாஷிங்டனுக்குத் துணைப்படை வந்துவிட்டது. தலைநகரம் தப்பியதற்கான பெருமையை கிராண்ட் தன் நினைவுக்குறிப்பில் அவருக்குத் தாராளமாகவே கொடுத்தார். ஷைலோவுக்காக அவரைக் குறைசொல்லி எழுதியதை மட்டும் நீக்கவில்லை. ஷைலோவில் இறந்த இன்னொரு ஜெனரல் வாலஸின் விதவை (உறவில்லை, பெயர் ஒற்றுமைதான்) 1885-ல் கிராண்டுக்கு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். சண்டைக்கு முந்தின நாள் லியூ வாலஸ் எழுதியது. உள்பாதை வழியாக உதவிக்கு வரும் ஏற்பாடு அதில் இருந்தது. கிராண்ட் ஓர் அடிக்குறிப்பு சேர்த்துத் தன் குற்றச்சாட்டைத் தணித்தார். உள்ளடக்கத்தில் பழி, அடிக்குறிப்பில் விடுதலை. வாலஸுக்குக் கிடைத்தது அவ்வளவே. படிப்பறையின் அமைதியைப் பார்க்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

தோட்டத்தில் நிற்கும் வெண்கலச் சிலை, வாஷிங்டன் காபிடல் கட்டடத்தின் சிலை மண்டபத்தில் இந்தியானா மாநிலம் 1910-ல் வைத்த பளிங்குச் சிலையின் பிரதி. அந்த மண்டபத்தில் இடம்பெற்ற ஒரே நாவலாசிரியர் என்று இன்றும் பல குறிப்புகளில் படிக்கலாம். நெப்ராஸ்கா மாநிலம் 2023-ல் நாவலாசிரியர் வில்லா கேத்தருக்குச் சிலை வைத்த பிறகு அது செல்லாது. தோட்டத்தில் இன்னொன்று விசாரிக்கவேண்டியது, நாவலின் பெரும்பகுதியை அவர் உட்கார்ந்து எழுதிய பீச் மரம் நின்ற இடம். மரம் போய் வெகுகாலமாகிறது.

'பென்-ஹர்' ஆட்களுக்கு ஒரு வார்த்தை. 1959 படத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஆச்சரியப்படுவீர்கள். இது புத்தகத்தின் வீடு. 1880 நவம்பரில் ஹார்ப்பர் பதிப்பகம் வெளியிட்டது. முதல் சில மாதங்களில் விற்பனை சொற்பம்; பிறகு வாய்வழியாகப் பரவி லட்சக்கணக்கில் போனது. குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு படித்து மயங்கியதும் வாலஸ் கான்ஸ்டான்டிநோபிள் போனதற்கு ஒரு காரணம். 1907-ல் கேலம் கம்பெனி அனுமதி கேட்காமல் ஒரு சிறு படமாக எடுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 1911-ல் கம்பெனி தோற்றது. புத்தகத்தைப் படமாக்க உரிமை வாங்கவேண்டும் என்று அமெரிக்க சினிமா கற்றுக்கொண்டது அந்த வழக்கில்தான். கையெழுத்துப் பிரதியைப் பார்க்கவேண்டுமென்றால் இங்கே இல்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் இருக்கிறது.

அரை நாளில் இவ்வளவும் முடிந்துவிடும். மிச்சமிருக்கும் நேரத்துக்கு அதே ஊரில் 1882-ல் திறந்த சுழலும் சிறை. வட்டமான இரும்பு மேடையில் இரண்டு அடுக்கு, ஆப்புத் துண்டுபோல 16 அறைகள், வெளியே போக ஒரே வாசல். காவலர் கைப்பிடியைச் சுற்றினால் வேண்டிய அறை வாசலுக்கு நேரே வரும். கம்பிக்கு வெளியே கைகால் நீட்டியிருந்தவர்களுக்கு எலும்பு முறிந்தது. அதனால் பின்னர் சுழற்றுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அருங்காட்சியகம், சுழற்றியும் காட்டுகிறார்கள். பிள்ளைகள் கூட வந்தால், உண்மையைச் சொல்வதானால், படிப்பறையைவிட இதுதான் பிடிக்கும்.

இனி மூன்றாம் வகை. ஆளுநர் வாலஸைப் பற்றி க்ராஃபோர்ட்ஸ்வில் குறைவாகப் பேசுவதற்கு ஒரு காரணம் அவரே. சுயசரிதையை மொனாக்கசி வரை எழுதி முடித்திருந்தபோது, 1905 பிப்ரவரி 15 அன்று இறந்துவிட்டார். மீதியை மனைவி சூசன், மேரி ஹான்னா க்ரௌட் என்ற எழுத்தாளரின் துணையோடு முடித்து 1906-ல் வெளியிட்டார். ஆக, எல்லைப்புற அரசியல்வாதியாக இருந்த வருடங்களை அவர் தன் வாயால் சொன்ன அத்தியாயம் கிடையாது. கடிதங்கள்தான். அந்தக் கடிதங்களுக்கு உரிய இடங்கள் இரண்டும் நியூ மெக்ஸிகோவில் இருக்கின்றன.

முதலாவது சான்டா ஃபேயின் ஆளுநர் மாளிகை. 1610-ல் தொடங்கிய மண்செங்கல் கட்டடம், 1909 முதல் அருங்காட்சியகம். 'பென்-ஹர்' கடைசிப் பகுதிகளை எழுதியது இங்கே. மாளிகை என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நீண்ட தாழ்வாரம் கொண்ட ஒற்றை அடுக்குக் கட்டடம், வாலஸ் காலத்தில் கூரை ஒழுகியது. நியூ மெக்ஸிகோவின் நானூறு வருடத்தில் வாலஸுக்குக் கிடைப்பது மூன்று வருடத்தின் இடம்தான். அவருக்காக மட்டும் வருவதானால் ஒரு மணி நேரம் போதும்.

இரண்டாவது லிங்கன் என்ற சிற்றூர். சான்டா ஃபேயிலிருந்து தெற்கே சுமார் 200 மைல். ரோஸ்வெல்லிலிருந்து மேற்கே 380-ஆம் நெடுஞ்சாலையில் 60 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. வாலஸ் அரசியலைப் புரிந்துகொள்ள இதற்கு ஈடு இல்லை. ஊரே ஒரு தெரு. பெட்ரோல், சாப்பாடு இரண்டையும் முன்னாலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே பாருங்கள். காரில் நிறுத்தி நிறுத்திப் போனால் யார் யாரை எங்கிருந்து சுட்டார்கள் என்ற தூரக் கணக்கு பிடிபடாது.

கதைச் சுருக்கம் கையில் இருக்கட்டும். மர்ஃபி-டோலன் கடைக்காரர்களுக்கும், போட்டிக் கடை போட்ட டன்ஸ்டால்-மெக்ஸ்வீன் கூட்டுக்கும் ராணுவ ஒப்பந்தங்களையும் வியாபாரத்தையும் முன்னிட்டுப் பகை. 1878 பிப்ரவரி 18 அன்று டன்ஸ்டால் கொலை. ஏப்ரல் 1 அன்று ஷெரிஃப் பிரேடி கொலை. ஜூலையில் ஐந்து நாள் சண்டை. 19-ஆம் தேதி மெக்ஸ்வீன் வீடு எரிந்தது, அவரும் இறந்தார். அந்த மனை இன்றும் காலி. அப்போதைய ஆளுநர் அக்ஸ்டெல்லை நீக்கிவிட்டு வாலஸை ஆளுநராக அனுப்பினார் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ். செப்டம்பர் கடைசியில் சான்டா ஃபே வந்து சேர்ந்த வாலஸ் நவம்பர் 13 அன்று பொது மன்னிப்பு அறிவித்தார்.

எல்லாம் கெட்டது அந்த அறிவிப்பின் ஒரு நிபந்தனையில். ஏற்கெனவே குற்றப்பத்திரிகை பதிவானவர்களுக்கு மன்னிப்பு பொருந்தாது. பிரேடி கொலைக்காக, டன்ஸ்டால் கூட்டத்தைச் சேர்ந்த பில்லி த கிட் மேல் குற்றப்பத்திரிகை ஏற்கெனவே இருந்தது. 1879 பிப்ரவரி 18 அன்று, டன்ஸ்டால் இறந்து சரியாக ஒரு வருடத்தில், வக்கீல் சாப்மனை நடுத்தெருவில் சுட்டார்கள். பில்லி அதைப் பார்த்த சாட்சி. மார்ச் 17 இரவு ஒன்பது மணிக்கு, லிங்கனில் வில்சன் என்ற சமாதான நீதிபதியின் வீட்டில், ஆளுநரும் பில்லியும் சந்தித்தார்கள். சாட்சி சொன்னால் தண்டனையில்லாமல் விடுவதாக ஒப்பந்தம். கைதுபோல ஒரு நாடகம் நடத்தி, பில்லியை ஹுவான் பட்ரோனின் வீட்டில் வைத்தார்கள். அந்த வீட்டு வாசலில் ஊர்ப் பாட்டுக்காரர்கள் வந்து கைதிக்குப் பாடினார்கள் என்று உள்துறைச் செயலர் கார்ல் ஷூர்ஸுக்கு எழுதியிருக்கிறார் வாலஸ். தான் ஆளவந்த மக்கள் யார் பக்கம் என்பதை அந்த இரவில் அவர் கேட்டுவிட்டார்.

பில்லி சொன்னபடி சாட்சி சொன்னான். மாவட்ட அரசு வழக்கறிஞர் ரைனர்சன் டோலன் பக்கத்து ஆள். வழக்கைக் கைவிட மறுத்துவிட்டார். ஆளுநர் நேரடியாக மன்னித்திருக்கலாம், செய்யவில்லை. வாக்கை மீறினார் என்பார்கள் ஒரு சாரார். காவலிலிருந்து நழுவி மறுபடி திருட்டுக்குப் போனவனுக்கு வாக்கு எதற்கு என்பார்கள் மறுசாரார். 2010 டிசம்பர் 31 அன்று நியூ மெக்ஸிகோ ஆளுநர் பில் ரிச்சர்ட்சன், இறந்தவனுக்கு மன்னிப்பு வழங்கலாமா என்று யோசித்து மறுத்தபோதுகூட இதே வாதம்தான் ஓடியது. சட்டத்தின் பக்கம் வாலஸ் நிற்கிறார் என்றாலும், வாக்குக் கொடுக்கும்போதே அந்த வழக்கறிஞர் யார் ஆள் என்று விசாரிக்காமல் விட்டது அரசியல்வாதியின் பிழை. ஷைலோவில் போலவே, பாதையை அறிந்தவர், பாதையின் மறுமுனையில் யார் நிற்கிறார் என்பதைப் பார்க்கவில்லை.

லிங்கன் தெருவில் நேரத்தைச் செலவிடவேண்டிய இடங்கள் இரண்டு: பழைய அலமாரிகளோடு இருக்கும் டன்ஸ்டால் கடை, மேற்கு முனையில் மர்ஃபி-டோலன் கடையாகக் கட்டப்பட்டுப் பிறகு நீதிமன்றமான இரண்டடுக்குக் கட்டடம். கடைசியாக இதைப் பாருங்கள், மாடிப்படி வழியாக ஏறி. 1881 ஏப்ரலில் மெஸியா நகரில் பில்லிக்குத் தூக்குத் தண்டனை விதித்து, மே 13 அன்று நிறைவேற்றச் சொல்லி இங்கே கொண்டுவந்து மாடியில் சங்கிலியிட்டு வைத்தார்கள். ஏப்ரல் 28 அன்று இந்தப் படிக்கட்டில் காவலர் பெல்லைச் சுட்டு, மாடி ஜன்னலிலிருந்து ஆலிங்கரை அவருடைய துப்பாக்கியாலேயே சுட்டு, குதிரையேறிப் போய்விட்டான். செய்தி சான்டா ஃபே போய்ச் சேருமுன், ஏப்ரல் 30 அன்று, ஆளுநர் வாலஸ் அவனுடைய மரண உத்தரவில் கையெழுத்திட்டார். ஷெரிஃப் பாட் கேரட், கைதி தப்பிவிட்டதால் உத்தரவு நிறைவேற்றப்படவில்லை என்று அதன் பின்புறம் எழுதித் திருப்பி அனுப்பினார்.